125-க்கு 7

அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் பனியன் கம்பெனிகள். பிள்ளையைக் கண்டிப்பதிலும் இங்கே பட்டறைக் கட்சி, பனியன் கட்சி என்று இரண்டு இருந்தாக வேண்டும். தட்டினால்தான் வடிவம் வரும் என்பது பட்டறைக் கட்சி. ஆனால் பித்தளை தட்டத் தட்ட இறுகும். இறுகியதை நெருப்பில் காட்டி இளக்காமல் மேலும் தட்டினால் விரிசல் விடும். பட்டறைக்காரருக்கு இது பாலபாடம். வீட்டில் தட்டுகிறவர்கள் சுத்தியலை மட்டும் கடன் வாங்கி வந்து, அடுப்பை அங்கேயே விட்டுவிட்டார்கள். 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்' என்று வாத்தியாரிடம் ஒப்படைக்கவும் வழியில்லை. பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது.

ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு நான் சிபாரிசு செய்வது பனியன் கட்சியை. காலை எட்டரைக்கு உள்ளே போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவர், பிள்ளையின் ஒவ்வொரு அசைவையும் செக்கிங் பண்ண முடியாது. பண்ணவும் வேண்டாம். வெள்ளைக்கார பையரே அப்படிப் பார்ப்பதில்லை. ஏக்யூஎல் 2.5 என்ற கணக்கில், 3,000 பீஸ் சரக்குக்கு 125 பீஸை உருவிப் பார்ப்பார்கள். குறை ஏழு வரை இருந்தால் பாஸ், எட்டானால் ரிஜெக்ட். ஐரோப்பாவே ஏழு தப்பைப் பொறுக்கும்போது லைன் வீட்டில் ஒன்றுகூட ஆகாது என்பது என்ன நியாயம்? ஆனால் குழந்தைகள் உடுப்பில் ஊசி முனை ஒன்று சிக்கினாலும் மன்னிப்பு கிடையாது. உடைந்த ஊசியின் துண்டையெல்லாம் தேடிக் கொடுத்தால்தான் டெய்லருக்குப் புது ஊசி. வீட்டிலும் அப்படி ஊசி ரகத்தில் மூன்று போதும்: ஆளில்லாதபோது அடுப்பு, தனியாக அவிநாசி ரோடு, சொல்லாமல் போவது. சுருட்டாத பாயும் மூடாத பேனாவும் பிசிறுதான், கத்தரித்துவிட்டுப் போகலாம். இன்னொன்று, தப்பை மெஷினிலேயே பிடித்தால் நூலோடு போகும்; பேக்கிங்கில் பிடித்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். திங்கட்கிழமைத் தப்பைச் சனிக்கிழமைச் சம்பள நாள்வரை சேர்த்துவைத்துத் தீர்ப்புச் சொன்னால், எதற்கு வாங்குகிறோம் என்றே பிள்ளைக்கு மறந்திருக்கும்.

அதட்ட ஒருவர், அணைக்க ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டாமா என்பார்கள். அணைக்கிறவரிடம் அப்பீல் போவதுதான் அந்த வீட்டுப் பிள்ளை முதலில் கற்கும் கல்வி. 'அப்பா வரட்டும்' என்று கேஸைத் தள்ளிப்போடும் வசதியும் அங்கேதான். ஒற்றை ஆள் வீட்டில் ஓனர், மேஸ்திரி, செக்கிங் எல்லாம் ஒருவரே. சொன்ன சொல்லை மாற்ற அடுத்த கையெழுத்து கிடையாது. அம்மிச்சி ஊரிலிருந்து வந்து இறங்கும் நாள் மட்டும் விலக்கு. அது சுப்ரீம் கோர்ட். கையில் முறுக்கோடு வரும், எல்லாத் தண்டனையையும் ரத்து செய்துவிட்டு மறுநாள் பஸ் ஏறும். அந்த ஒருநாள் சேதத்தை ஏழுக்குள் ஒன்றாக எழுதிக்கொள்ளலாம். பிள்ளையும் பனியனும் ஒன்றா என்று கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும், நியாயம்தான். ரிஜெக்ட் ஆன பனியனைக் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் என்று தள்ளிவிடலாம். இந்தச் சரக்கு எத்தனை தடவை ரிஜெக்ட் ஆனாலும் ராத்திரி எட்டரைக்குச் சோறு கேட்டு வாசலில் நிற்கும்.