அஸ்தினாபுரத்துத் தளவரிசை

துரியோதன மகாராஜா இந்திரப்பிரஸ்தத்துக்கு விருந்தாளியாகப் போய், மயன் நிர்மாணித்த சபா மண்டபத்தில் பளிங்குத் தரையைத் தண்ணீரென்று எண்ணி வஸ்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்ததும், அப்பால் தண்ணீரைத் தரையென்று எண்ணித் தொபுக்கென்று விழுந்ததும், அதைக் கண்டு சிரித்தவர்கள் சிரித்ததும், அந்தச் சிரிப்பின் பலனாகப் பதினெட்டு அக்ஷௌகிணி சேனை குருக்ஷேத்திரத்தில் மாண்டதும் யாவரும் அறிந்த கதை. பளபளப்பான தரையினால் அஸ்தினாபுரத்து வாசிகளுக்கு நேர்ந்த முதல் அவமானம் அது. குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டைக்கு அடுத்தாற்போல், ரயில் பாதைக்குக் கிழக்கே குடியிருந்து, 2021-இல் உண்டான தாம்பரம் மாநகராட்சிக்கு வரி செலுத்தி வரும் எங்கள் அஸ்தினாபுரத்தில் அரண்மனையும் இல்லை, யானை கட்டும் லாயமும் இல்லை; ஆயினும் தரை பளபளக்க வேண்டும் என்ற மோகத்தில் மட்டும் நாங்கள் அந்தக் கௌரவர்களுக்கு எள்ளளவும் குறைந்தவர்கள் அல்லர்.

எங்கள் வீடு என்று நான் சொல்வது என் மாமனார் கட்டிய வீட்டை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, அக்காலத்தில் ஏரியும் வயலுமாகக் கிடந்த இந்தப் பிராந்தியத்தில் மனை வாங்கி, அக்கம்பக்கத்தார் சிவப்பு ஆக்ஸைடு பூசிய சிமெண்டுத் தரையோடும், கொஞ்சம் வசதியுள்ளவர்கள் மொசைக்கோடும் திருப்தியடைந்திருந்தபோது, தாம் ஒருவர் மட்டும் கேரளத்திலிருந்து லாரியில் சுட்ட களிமண் தளக்கற்களை வரவழைத்துக் கூடத்திலும் தாழ்வாரத்திலும் பதித்த தீரர் அவர். வந்த விருந்தாளி காப்பித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள், 1865-ஆம் வருஷத்தில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் ப்ளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் மங்களூரில் நேத்திராவதிக் கரைக் களிமண்ணைக் கொண்டு ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த வரலாற்றையும், அத்தொழில் மலையாளக் கரையோரமாகக் கோழிக்கோடு, ஃபெரோக் என்று பரவிய வரலாற்றையும், ப்ளெப்ஸ்ட் துரை ஏதோ தம்மோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர் என்று கேட்பவர் நினைக்கும்படி விஸ்தாரமாகச் சொல்லி முடித்துவிடுவார். அவர் காலமான பின் அந்தத் தரை எனக்கு வந்து சேர்ந்தது. சரித்திரத்தைச் சொல்லும் பொறுப்பும் கூடவே வந்தது. கேட்கும் விருந்தாளிகள்தான் குறைந்து போனார்கள்.

சுட்ட மண் தரையின் சுபாவத்தை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். களிமண்ணில் உள்ள இரும்பு சூளையின் உஷ்ணத்தில் பிராணவாயுவோடு கூடித்தான் அந்தச் செந்நிறம் உண்டாகிறது. மண்ணில் இருந்த ஈரம் வெளியேறிய வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துவாரங்களாக நின்றுவிடுகின்றன. இன்று கடைகளில் விற்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு தண்ணீர்கூட உறிஞ்சாது. டெரகோட்டாவோ பத்துப் பங்குக்கு மேலும் உறிஞ்ச வல்லது. தண்ணீரோடு நிற்கும் என்று எண்ண வேண்டாம். கார்த்திகை விளக்கின் எண்ணெய், மஞ்சள் நீராட்டின் மஞ்சள், ஒரு சஷ்டியப்தபூர்த்தியில் கவிழ்ந்த சாம்பார் வாளி, மார்கழி மாதத்து மாக்கோலம் ஆகிய சகலத்தையும் பேதமின்றி ஏற்றுக்கொண்டு, உள்ளே பத்திரப்படுத்தி, வேளை வரும்போது மேலே காட்டும். எங்கள் குடும்பத்தின் சரித்திரத்தை எழுத விரும்புகிறவன் தஸ்தாவேஜுகளைப் புரட்ட வேண்டியதே இல்லை. குனிந்து நடந்தால் போதும்.

குனிந்து நடந்தவர்களில் முதல்வர் என் மாமியார். அவருக்குத் துணையாக அமைந்தவர், ‘ஆசிட், பினாயில், ப்ளீச்சிங் பவுடர்’ என்று ராகம் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் வண்டி தள்ளி வருகிறவர். அவர் பழைய பாட்டில்களில் ஊற்றிக் கொடுக்கும் ஆசிட் வேறொன்றுமில்லை, ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். அதைத் தரையில் ஊற்றியதும் கற்களின் இணைப்புகளில் புஸ்ஸென்று நுரை பொங்கும். பொங்கியவுடன், அழுக்கெல்லாம் அலறிக்கொண்டு ஓடுகிறது என்று என் மாமியாரின் திருமுகத்தில் ஒரு திருப்தி பிறக்கும். ஓடுவது அழுக்கு அல்ல. இணைப்புச் சிமெண்டில் உள்ள சுண்ணாம்புதான் கரியமில வாயுவைக் கக்கிக்கொண்டு கரைந்து போகிறது. மிச்சம் நிற்கும் கால்சியம் குளோரைடு என்னும் உப்புக்கோ, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. ஆகையால், ஆசிட் போட்டுக் கழுவிய தரை சீக்கிரம் காயாது. காயாத தரை அழுக்காகத் தோன்றும். அழுக்காகத் தோன்றினால் மறுபடியும் ஆசிட் வரும். வண்டிக்காரர் எங்கள் வீட்டு வாசலில் மட்டும் இரண்டு முறை ராகம் பாடுவதன் ரகசியம் இதுதான். ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் கலந்தால் சுத்தம் இரட்டிப்பாகும் என்று எதிர்வீட்டு அம்மாள் ஒரு சமயம் யோசனை சொன்னபோது மட்டும் நான் என் வழக்கமான மௌன விரதத்தைக் கைவிட்டு, அதிலிருந்து கிளம்புவது குளோரின் விஷவாயு என்று உரக்கவே சொல்லித் தடுத்துவிட்டேன்.

இந்த அமில அபிஷேகம் போதாதென்று 2015-ஆம் வருஷத்து டிசம்பர் வந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த வாரத்தில், தண்ணீர் வாசல் வழியாக வந்ததோடு நில்லாமல் தரைக்கு அடியிலிருந்தும் ஏறி வந்தது. வெள்ளம் வடிந்தது, ஈரம் வடியவில்லை. அடுத்த கோடையில் கூடமெங்கும் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்தது. பூமிக்குள் கரைந்து கிடக்கும் உப்புகள் ஈரத்தோடு ஏறி வந்து, ஈரம் ஆவியான இடத்தில் தாம் மட்டும் தங்கிவிடுவதால் உண்டாகும் பூப்பு அது. போதாக்குறைக்கு, பல வருஷங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்காக யாரோ ஒரு பெயிண்டர் ஆர்வமாகப் பூசிவிட்டுப் போன வார்னிஷ், உப்பின் உந்துதல் தாங்காமல் செதில் செதிலாக உரிந்து, விருந்தாளிகளின் பாதங்களில் ஒட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்கும் போய்ச் சேரலாயிற்று.

இந்த ஸ்திதியில் ஆலோசனைகளுக்குக் குறைவு ஏது? மொசைக் பாலிஷ் மெஷினைக் கொண்டுவந்து நன்றாக இழைத்துவிட்டால் புதுக்கல் தோன்றும் என்றார் ஒருவர். சுட்ட ஓட்டின் மேல்தோல்தான் கெட்டி, அதை இழைத்துவிட்டால் உள்ளே இருப்பது இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் மிருதுவான மண்தான் என்பது அவருக்குத் தெரியாது. காரைக்குடிப் பக்கத்து மைத்துனர் ஒருவர், ஆத்தங்குடிக் கல்லைத் தேங்காய் எண்ணெய் போட்டே தலைமுறை தலைமுறையாகப் பளபளக்க வைத்திருக்கிறோம் என்று மார்தட்டினார். ஆத்தங்குடிக் கல் கண்ணாடியின் மேல் வார்த்துத் தண்ணீரில் பதப்படுத்தும் சிமெண்டுக் கல் என்பதையும், அது ஜென்மத்தில் சூளையைப் பார்த்ததில்லை என்பதையும் சம்பந்த உறவை உத்தேசித்து நான் பிரஸ்தாபிக்கவில்லை. மேஸ்திரியோ ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொன்னார்: “எதுக்கு சார் ரோதனை? மேலயே விட்ரிஃபைடு ஒட்டிடலாம்.” என் தர்மபத்தினி அந்தத் தீர்ப்பை ஏற்கும் முகபாவத்தில் இருந்தாள். ப்ளெப்ஸ்ட் துரையின் ஆவியும் என் மாமனாரின் ஆவியும் கூடத்து மூலையில் நின்று என்னையே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது.

அப்போதுதான், தரை சுத்தம் செய்து சீலர் அடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் இளைஞரைப் பற்றிக் கேள்விப்பட்டு அழைத்தேன். ஐப்பசி மாதம். அவர் வந்தார், செருப்பை வாசலிலேயே கழற்றினார், அந்த ஒரு காரியத்திலேயே மாமியாரின் நன்மதிப்பில் பாதியைச் சம்பாதித்துக்கொண்டார். பிறகு மெஷின், மருந்து என்று எதையும் எடுக்காமல், ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, விரலால் இங்கொரு சொட்டும் அங்கொரு சொட்டுமாகத் தெளித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அர்க்கியம் விடுகிறார் போலும் என்று நான் மரியாதையாக நின்றேன். சில இடங்களில் சொட்டு அப்படியே முத்தாக நின்றது. அங்கே பழைய வார்னிஷ் இன்னும் ஜீவித்திருக்கிறதாம். மற்ற இடங்களில் வைத்த மாத்திரத்தில் காணாமல் போயிற்று. அப்பால், ஈரத்தை அளக்கும் ஒரு கருவியைத் தரையில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இப்ப சீலர் அடிச்சா ஈரம் உள்ளயே மாட்டிக்கும் சார். பால் மாதிரி வெளுத்துப் போயிடும். பொங்கல் கழியட்டும், வெயில் ஏறட்டும், வர்றேன்.”

“அட்வான்ஸ்?” என்றேன்.

“வேலை ஆரம்பிக்கிறப்போ வாங்கிக்கறேன் சார்.”

முன்பணம் வேண்டாமென்று சொல்லும் ஆசாமியைச் சென்னைப் பட்டணத்தின் தென்பகுதியில் அதுவரை கண்டிராத என் மனைவி, இவருக்கு வேலை தெரியாது என்ற முடிவுக்கு அக்கணமே வந்துவிட்டாள். எனக்கோ, இந்தத் தரையின்மேல் கை வைத்தவர்களிலே, கை வைக்காமல் போகத் தெரிந்த முதல் மனிதர் இவர்தான் என்று பட்டது.

மாசி மாதத்தில் சொன்னபடி வந்தார். கூடத்திலிருந்த ஊஞ்சல் பலகை, பீரோ, தையல் மெஷின், நான் ஆகிய சகல ஸ்தாவர சொத்துக்களும் மாடிக்கு ஏற்றப்பட்டன. முதலில் காரத்தன்மையுள்ள ஒரு திரவத்தைத் தரையெங்கும் பரப்பி, அது பழைய வார்னிஷையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இளக்கும் வரையில் காத்திருந்தார். அதன் பின் ஒற்றைத் தட்டுச் சுழலும் மெஷினில் நைலான் பிரஷ்ஷை மாட்டி நிதானமாக ஓட்ட ஓட்ட, கருங்குழம்பாக ஒன்று கிளம்பியது. அதைத் துடைப்பத்தால் தள்ளாமல் வாக்குவம் மெஷினால் உடனுக்குடன் உறிஞ்சி எடுத்தார். தள்ளினால் அழுக்கு அடுத்த கல்லுக்குள் போய்க் குடியேறிவிடுமாம். உறிஞ்சி எடுத்ததை வாளியில் பார்த்த என் மாமியார், தினந்தோறும் இரண்டு வேளை துடைக்கப்பட்ட தரையிலிருந்தா இது வந்தது என்று அடைந்த அதிர்ச்சியைச் சமாளித்து, “இதெல்லாம் வெள்ளத்துல வந்தது தம்பி” என்றார். “ஆமாம்மா” என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். தொழில் தெரிந்தவர் என்பது அங்கே ஊர்ஜிதமாயிற்று.

உப்புப் பூத்த இடங்களை முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, சல்ஃபாமிக் அமிலத்தை வெகு நீர்க்கக் கரைத்துச் சிறிது தடவி, நன்றாக அலசினார். அமிலம் என்ற சொல் காதில் விழுந்ததும் மாமியார் என்னை வெற்றிப் பார்வை பார்த்தார். அளவும் இனமும் வேறு, அலசுவது வேறு என்று நான் வாதாட முற்படவில்லை. கார்த்திகை விளக்கு வைத்த மூலையில் ஆழமாக ஊறியிருந்த எண்ணெய்க் கறைக்கு அவர் செய்த சிகிச்சைதான் எல்லாவற்றிலும் விநோதம்: முல்தானி மிட்டியை ஒரு கரைப்பானில் குழைத்துக் கறையின்மேல் கெட்டியாக அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, மறுநாள் வரையில் அப்படியே விட்டுவிட்டார். கரைப்பான் எண்ணெயை இளக்க, காயும் மண் அதை மேலே இழுத்துக்கொள்கிறது. முகத்துக்குப் போட வாங்கி வைத்திருந்த டப்பாவைத் தரைக்குத் தானம் செய்ய நேர்ந்த என் மகள், தன்னைவிடத் தரைக்கு அழகு அதிகம் கூடிவிட்டதாக இன்றுவரை குறைப்பட்டுக்கொள்கிறாள்.

தாழ்வாரத்தில் வாசற்படிக்குப் பக்கத்துக் கல்லில் நெடுங்காலமாக ஒரு கறை இருந்தது. எத்தனையோ பாட்டில் ஆசிட்டுக்கும் மசியாத அந்தக் கறை, அழுக்கு நீங்கியதும், தெள்ளத் தெளிவாக ஒரு நாயின் காலடியாகக் காட்சி கொடுத்தது. சூளைக்குப் போகுமுன் ஈரக் கல்லைக் காய வைத்திருந்த முற்றத்தில், மலையாளக் கரை நாய் ஏதோ ஒன்று சாவகாசமாக நடந்து போயிருக்கிறது. அது அப்படியே வெந்து, லாரி ஏறி, அஸ்தினாபுரம் வந்து சேர்ந்திருக்கிறது. இதை எடுக்க முடியுமா என்று என் மனைவி கேட்டாள். “இது கறை இல்லம்மா, கல்லே இதுதான்” என்றார் அவர். என் மாமியார் அன்று மாலை வெகு நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, இதைப் பற்றி அவர் தம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று காலஞ்சென்ற தம் கணவரைக் கடிந்துகொண்டார்.

வேலையைக் காட்டிலும் காத்திருத்தல்தான் பெரிதாக இருந்தது. கரைந்து போன இணைப்புகளுக்குப் புதிய சிமெண்டு அடைத்த பிறகு, தரை காய வேண்டும் என்று எங்களையெல்லாம் மாடியில் குடியேற்றிவிட்டு, மின்விசிறிகளைச் சுழல விட்டு, அவர் பாட்டுக்கு வேறு வேலைக்குப் போய்விட்டார். அவ்வப்போது வந்து கருவியை வைத்துப் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டுப் போவார். இந்த ஈரத் தொல்லை நமக்கு மட்டும் வாய்த்ததல்ல. இங்கிலாந்திலும் பழைய வீடுகளின் சமையலறைகளில் ‘குவாரி டைல்ஸ்’ என்னும் சுட்ட கற்களைப் பதித்திருக்கிறார்கள். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாமல் கட்டிய அந்த வீடுகளிலும், மூச்சுவிட வழியில்லாத பூச்சைப் போட்டு அடைத்தால் கீழிருந்து ஏறும் ஈரமும் உப்பும் கல்லின் முகத்தையே உடைத்துக்கொண்டு வெளிவரும். அங்கே முற்காலத்தில் ஆளிவிதை எண்ணெயும் மெழுகும் தடவினார்களாம். அவற்றைச் சுரண்டி எடுப்பதே இப்போது அங்குள்ள தொழிலாளருக்குப் பெரிய ஜீவனோபாயம். சீதோஷ்ணம் வேறானாலும் மனுஷ சுபாவம் ஒன்றே.

கடைசியில் சீலர் அடிக்கும் நாளும் வந்தது. மேலே கண்ணாடித் தாள் ஒட்டியதுபோல் மினுக்கும் வகை ஒன்று; துவாரங்களுக்குள் இறங்கி, தண்ணீரை மட்டும் தடுத்து, ஆவியை வெளியே விடும் வகை இன்னொன்று. எங்கள் தரைக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்று அவர் சொன்னதும் வீட்டில் மகாசபை கூடிற்று. இத்தனை செலவும் செய்து, மாதக் கணக்கில் காத்திருந்து, முகம் தெரியாத தரைக்காகவா என்பது என் மனைவியின் கட்சி. ஊர் முழுவதும் பளபளக்கும்போது நம் வீடு மட்டும் மண்ணாகத் தெரிய வேண்டுமா என்பது மாமியாரின் கட்சி. மண்ணை மண்ணாகத் தெரிய விடுவதில் மானக்குறைவு ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. வழக்கம்போல் அதில் நான் ஒருவனே அங்கத்தினன். ஆயினும் இளைஞர் அசையவில்லை. மினுக்கும் வகையைத்தான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பணிவாகச் சொன்னார். வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசக்கூடிய தொழிலாளி ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

குரோம்பேட்டையிலோ, சேலையூரிலோ, பல்லாவரத்திலோ சுட்ட மண் தரையுள்ள வீட்டில் வசிக்கும் நேயர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஆசிட் வண்டிக்காரரை, அவர் ராகம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், தெருவோடு வழியனுப்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சீலர் அடிக்கிறேன் என்று வருகிறவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அடித்தது எதுவும் சாசுவதம் அல்ல. நடமாட்டம் அதிகமுள்ள வாசற்பக்கத்தில் அது சில வருஷங்களில் தேய்ந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் சும்மா இருங்கள், ஊறிப் போனால் தை பிறந்த பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.