சித்தப்பாவின் கிலோமீட்டர்

என் சித்தப்பா ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எந்த ஊருக்குப் போய்வந்தாலும் முதலில் கிலோமீட்டரைத்தான் விசாரிப்பார். சென்னை–டெல்லி 2,180 சொச்சம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பேரன் எத்தனாவது படிக்கிறான் என்றால் மட்டும் சித்தியைப் பார்ப்பார்.

மகளைப் பார்க்க சான்ஃபிரான்சிஸ்கோ போய்வந்த என்னிடமும் அதே கேள்வி: "டெல்லியிலேர்ந்து எத்தனை கிலோமீட்டர்டா?"

வினை அங்கேதான் ஆரம்பித்தது. உலக உருண்டைமேல் நூல் பிடித்து அளந்தால் சுமார் 12,400. ஆனால் விமானம் நூல் பிடித்தா பறக்கிறது? ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் வழியாக 13,900 கி.மீ. போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் பக்கம் திருப்பினார்கள். 15,300 கி.மீ., பதினாலரை மணி நேரம். தூரம் 1,400 கி.மீ. கூடியது, நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மணி குறைந்தது.

"சுத்து வழியில போனா சீக்கிரம் போய்ச் சேரலாமா? யார் காதுல பூ சுத்துற?"

பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் ஜெட் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும், எதிரே போனால் மூஞ்சியில் அறையும் என்று விளக்கினேன். அவர் யோசித்தார். ஆபத்தான யோசனை.

"பூமிதான் சுத்துதே. மேலே போய் சும்மா நின்னா, பன்னெண்டு மணி நேரத்துல அமெரிக்கா தானா அடியில வந்துடாதா? எதுக்கு இவ்வளவு பெட்ரோல்?"

நியாயமான கேள்விதான், பள்ளிக்கூடத்தில் நானும் கேட்டு உதை வாங்கியிருக்கிறேன். ஓடுகிற ரயில் பெட்டிக்குள் பறக்கும் ஈ, பெட்டியோடு சேர்ந்துதானே போகிறது, காற்றும் பூமியும் அப்படித்தான் என்றேன். ரயில் என்றதும் ஒப்புக்கொண்டார். ஈ டிக்கெட் எடுக்கவில்லை என்பதில் மட்டும் அவருக்கு வருத்தம்.

2021 ஜனவரியில் கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாக ஓட்டிவந்ததைச் சொன்னதும், "நடுவுல ஸ்டேஷனே கிடையாதா?" என்று கவலைப்பட்டார்.

கவலை எனக்கும் உண்டு, ஆனால் வேறு விதம். முன் சீட்டின் முதுகில் ஒரு குட்டித் திரை. அதில் பசிபிக் முழுக்க நீலம், நடுவே கட்டைவிரல் அளவு விமானம். மீதி 7 மணி 40 நிமிடம் என்றது. ஒரு முழுப் படம் பார்த்தேன், உப்புமா மாதிரி ஏதோ ஒன்றைத் தின்றேன், பக்கத்து சீட்டுக்காரர் என் தோளில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். மீதி 5 மணி 10 நிமிடம். விமானம் நகம் அளவுகூட நகரவில்லை.

"சரி, எப்பக் கிளம்பி எப்ப எறங்கின?"

"விடிகாலை நாலு மணிக்கு டெல்லி. அங்கே இறங்கும்போது காலை ஆறு. அதே தேதி."

சித்தப்பா முகம் மாறியது. முப்பது வருஷ சர்வீஸ் உள்ளேயிருந்து எழுந்து உட்கார்ந்தது.

"ரெண்டு மணி நேரம்தானே ஆகுது! ஆறு மணி நேரத்துக்குக் கீழேன்னா முப்பது பர்சென்ட் படிதாண்டா பாஸ் ஆகும்."