முதல் நாள் பிரதர்

வெளிநாட்டு ஊழியம் போய்வந்த பிரதரிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்; "எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறார். ஆனால் கேட்டுவிட்டால், நடுவில் எழுந்து போகிற உரிமை உங்களுக்கு இல்லாமல் போய்விடும்.

சபைக்கு ஒருவர் இப்படி உண்டு. நான் யாரையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. பொதுவாகத்தான் சொல்கிறேன்: ஐம்பதை ஒட்டிய வயது, ஹார்பர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு, சட்டைப் பையில் எந்நேரமும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்ட ஊசி. காப்பி குடித்துவிட்டுச் சில்லறை எடுக்கும்போது அந்த அட்டை தானாக வெளியே வந்து விழும். "இது இன்னா பிரதர்?" என்று டீ மாஸ்டர் கேட்டால் முடிந்தது.

அவர் போனது சியரா லியோனுக்கு. மேற்கு ஆப்பிரிக்கா. அதன் தலைநகர் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் ‘குளோபல் மெர்சி’ என்கிற மருத்துவமனைக் கப்பல் நின்றிருந்தது. அதில் வெல்டிங் வேலைக்குத் தொண்டராகப் போனார். தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நாம்தான் கட்ட வேண்டியிருந்தது. சபையில் காணிக்கை எடுத்துத்தான் அனுப்பி வைத்தோம். பத்து மாதம் இருந்துவிட்டு வந்தார். அந்தப் பத்து மாதத்தில் நாங்கள் இதுவரை கேட்டிருப்பது முதல் நாளை மட்டும்.

முதல் நாள் இப்படித் தொடங்கும்: "ரெண்டு ஃபிளைட் மாறி, லுங்கில எறங்குனேன்."

இங்கே நிறுத்துவார். அந்த ஊர் விமான நிலையம் இருக்கிற இடத்தின் பெயரே லுங்கிதான், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சபை சிரிக்க வேண்டும் என்பதற்காக இடம் விடுவார். முதல் தடவை நிஜமாகவே சிரித்தோம். அப்புறம் மரியாதைக்குச் சிரித்தோம். இப்போது பாஸ்டர் மட்டும் சிரிக்கிறார், அது அவருடைய அழைப்பு.

அடுத்தது வெயில். "கதவத் தொறந்தான் பாரு பிரதர், ஒரு அனல்! மூஞ்சிலயே அடிச்சா மாரி இருந்துச்சு!" இதை அவர் சொல்வது மே மாதத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில், கரண்ட் போன நேரத்தில், காணிக்கைக் கவரால் விசிறிக்கொண்டிருக்கும் எங்களிடம். வியர்வை எப்படி வழியும் என்று கையை வைத்துக் காட்டுவார். அந்தக் கையிலேயே வியர்வை வழிந்துகொண்டிருக்கும்.

பிறகு மூன்று சக்கர வண்டி. அங்கே அதற்குக் கேகே என்று பெயராம். "நம்ம ஆட்டோ மாரியே இருக்கும்!" மாதிரி என்ன, நம்ம பஜாஜ், நம்ம டிவிஎஸ்தான் அங்கே ஓடுகிறது. பிறகு அந்த ஜனங்கள் அரிசிச் சோறு இல்லாவிட்டால் சாப்பிட்டதாகவே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிற தகவல். இதைக் கேட்டு ஆச்சரியப்படச் சொல்கிறார், காலையில் பழைய சோறு சாப்பிட்டுவிட்டு வந்தவர்களை. பிறகு கருவாட்டு வாசனை. காசிமேடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதை இவர் மறந்தேவிட்டாரோ என்று எங்களுக்குக் கவலையாகிவிட்டது.

சாட்சி நேரத்தில் பாஸ்டர் மணி அடிப்பார். அது ஒரு பாதுகாப்பு. ரயில்வே கேட்டில் அதுவும் இல்லை. கேட் போட்டுவிட்டால் இந்தப் பக்கம் நீங்கள், பக்கத்தில் அவர், பின்னால் கன்டெய்னர் லாரி. சரக்கு ரயில் ஆடி அசைந்து வந்து பாதியில் நின்றுகொண்டால், கர்த்தரே அவருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். லுங்கிக்கும் ஃப்ரீடவுனுக்கும் நடுவில் அகலமான கழிமுகம். படகில்தான் கடக்க வேண்டும். அந்தப் படகு பாதி தூரம் போகும்போது கடைசி வேகன் தாண்டும். கேட் தூக்குவார்கள். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்கும். அவர் இன்னும் படகிலேயே இருப்பார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தப் படகில் அவர் சொல்கிற ஒரு வார்த்தை எனக்குப் பிடிக்கும். ஃப்ரீடவுன் உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. "நம்மூர்ல கல்லக் கொட்டிக் கொட்டிக் கட்டுனோம், புயல் வந்து இட்சிது, மறுபடி கட்டுனோம். அங்க ஆண்டவரே கட்டிக் குட்த்துட்டாரு" என்பார். 1881 புயலில் சென்னைத் துறைமுகம் உடைந்தது வரைக்கும் தெரிந்த ஹார்பர் ஆள் பேசுகிற பேச்சு அது. அதை வளர்த்தால் கேட்கலாம். வளர்க்க மாட்டார். வெயிலுக்குத் திரும்பிவிடுவார்.

ஒரு நாள் ஊருக்கு நடுவில் நிற்கிற இலவ மரத்தைப் பற்றி வர்ணித்தார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு 1792-இல் வந்து குடியேறியவர்கள் அதன் கீழே கூடி நன்றி செலுத்தினார்கள் என்பது அந்த ஊர் வழக்கு. வானத்தைத் தொடும் மரம், கிளையெல்லாம் வௌவால் என்று கை விரித்தார். பின்வரிசையில் ஒரு பையன் போனைப் பார்த்துவிட்டு, "அங்கிள், அது 2023 மே மாசமே மழைல விழுந்துட்ச்சே. உங்க கப்பல் அங்க வந்ததே ஆகஸ்ட்லதான?" என்றான். பிரதர் அசரவில்லை. "அடிமரம் இருந்துச்சுப்பா" என்றார். அதிலிருந்து வானம்வரைக்கும் அவர் விசுவாசத்தால் பார்த்திருக்கிறார்.

எல்லாம் சரி. கதை கப்பல் ஏணிக்குக் கீழே வந்து நிற்கும். அங்கே மணி அடிக்கும், அல்லது கேட் திறக்கும், வீட்டு ஜெபமாக இருந்தால் வடை வந்துவிடும். கப்பலுக்குள் அவர் ஏறியதே இல்லை.

எங்களுக்கு வேண்டியது அந்த ஏணிக்கு மேலே இருக்கிறது. 174 மீட்டர் நீளக் கப்பல், ஆறு ஆபரேஷன் தியேட்டர், இருநூறு படுக்கை. முகத்தில் கட்டி வளர்ந்து வீட்டுக்குள்ளேயே முடங்கியவர்கள், கண்புரைக்காரர்கள், கால் வளைந்த பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசமாக அறுவை. அவர்களில் ஒருவரையாவது பிரதருக்குப் பெயரோடு தெரிந்திருக்காதா? அவர் கதையில் அந்த ஊர்க்காரர்கள் "ஒரு பையன்", "படகுக்காரன்", "அந்த ஜனங்க" என்றுதான் வருகிறார்கள். இது எனக்குக் கொஞ்சம் உறைக்கிறது. 1861-இல் இரும்புத் துறை வருவதற்கு முன்பு மெட்ராஸுக்கு வந்த வெள்ளைக்கார மிஷனரிகளும் கப்பலைக் கடலில் நிறுத்திவிட்டு, கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் கரையேறினார்கள். அலை எப்படி அடித்தது, துணி எப்படி நனைந்தது என்று ஊருக்கு எழுதினார்கள். துடுப்புப் போட்டவர்கள் நம்ம ராயபுரம் பக்கத்து ஆட்கள். தங்கள் பணத்தில் புனித ராயப்பர் கோயிலையே எழுப்பியவர்கள். அவர்களும் யாரோ ஒருவருடைய முதல் நாளில் "படகுக்காரன்" ஆகத்தான் இருந்திருப்பார்கள். அந்த வம்சத்துப் பேட்டையிலிருந்து போனவராவது ஒருத்தன் பெயரைக் கேட்டு வந்திருக்க வேண்டாமா?

இதை ஒரு தடவை அவர் வீட்டிலேயே சொல்லிவிட்டேன். பிரதர் ஒன்றும் பேசவில்லை. சிஸ்டர்தான் அடுப்படியிலிருந்து சொன்னார்: "அதுக்கு இன்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி ரத்தம் எட்த்தாங்களாமே, அதக் கேளுங்க." அந்தக் கப்பலில் தனியாக ரத்த வங்கி கிடையாது, வேலை செய்கிறவர்கள்தான் வங்கி. அவசரம் என்றால் பெயர் கொடுத்தவர்களைக் கூப்பிடுவார்கள். இவர் போய்க் கொடுத்திருக்கிறார். யாருக்கு, என்ன ஆச்சு என்று கேட்டேன். "அதெல்லாம் சாட்சில சொல்ற விஷயமா பிரதர்? செஞ்சது செஞ்சாச்சி" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பி, "ஆனா அந்த அனல் இருக்குது பாருங்க..." என்று ஆரம்பித்தார். அன்றைக்கு மட்டும் முழுதாகக் கேட்டேன்.

வாலிபர் கூட்டத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு தங்கச்சி உண்டு. அவள் அவரிடம் போய் எப்படி விண்ணப்பிப்பது, மாதத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும், வார்டில் எத்தனை மணி நேர டியூட்டி என்று கேட்டிருக்கிறாள். வெயிலும் கேகேயும் கருவாடும்தான் பதிலாகக் கிடைத்திருக்கிறது. அவளே தேடி, எழுதிப் போட்டு, தேர்வாகிவிட்டாள். கிண்டியில் ஊசியும் போட்டாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பு ஜெபம். பிரதர் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, ஒரு கவரை அவள் கையில் திணித்து, "கதவத் தொறந்தவுடனே ஒரு அனல் அடிக்கும், பயப்படாதம்மா" என்றார்.

மறுபடியும் காணிக்கை எடுத்திருக்கிறோம். இந்தத் தடவை நிபந்தனையோடு: திரும்பி வந்து சாட்சி சொல்லும்போது இரண்டாம் நாளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.