கோடு போட்டுப் பேசுவோம்

அலுவலகக் கூட்டங்களில் பலகையில் வரைந்தபடியே பேசுவது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

கேள்வி: நான் யானை வரைந்தால் பெருச்சாளி என்கிறாள் என் மகள். பத்துப் பேர் முன்னால் ஒயிட்போர்டில் எப்படி வரைவது?
– வங்கி மேலாளர், கும்பகோணம்

வங்கிக் கூட்டத்தில் யானைக்கு என்ன வேலை? கட்டம், வட்டம், முக்கோணம், கோடு, அம்புக்குறி, இந்த ஐந்தும் வந்தால் தாராளம். வட்டத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்தால் வாடிக்கையாளர். கட்டத்தின் மேல் முக்கோணம் ஏற்றினால் கிளை அலுவலகம். கட்டத்துக்குள் நாலு கோடு போட்டால் கடன் விண்ணப்பம். அந்த விண்ணப்பம் யார் மேசையிலிருந்து யார் மேசைக்குப் போகிறது என்று அம்பு போட்டுக் காட்டுங்கள். அது எங்கே தேங்கி நிற்கிறது என்பது எல்லார் கண்ணிலும் பட்டுவிடும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எழுதிப் பார்த்த சொற்களைவிட, வரைந்து பார்த்த சொற்கள்தான் மனதில் அதிகம் தங்கின. ஒரு சொல்லுக்கு நாலே விநாடி கொடுத்தபோதும் வரைந்ததே ஜெயித்தது. நாலு விநாடியில் யாரும் ரவிவர்மா ஆகிவிட முடியாது. ஆகவே தைரியமாக எழுந்து போங்கள். யானையை மகளிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பளிச்சென்று பிபிடி போட வசதி இருக்கும்போது மார்க்கர் எதற்கு?
– மென்பொருள் நிறுவன ஊழியர், சோழிங்கநல்லூர்

பிபிடி நேற்று ராத்திரி யோசித்து முடித்தது. பலகையில் இருப்பது இப்போது, எல்லார் எதிரிலும் யோசிப்பது. கண்முன்னே ஒரு கோடு நீளும்போது அது எங்கே போய் நிற்கும் என்று அறை முழுக்கப் பார்க்கும். தப்பான இடத்துக்குப் போனால், "சார், அங்க இல்ல, இந்தப் பக்கம்" என்று ஒரு குரல் வரும். கூட்டம் கூட்டுவதே அந்தக் குரலைக் கேட்கத்தானே?

அச்சுக்குப் போனதுபோல் நிற்கும் ஸ்லைடைத் திருத்தச் சொல்ல யாருக்கும் வாய் வராது. கோணலான கோட்டைத் திருத்த எல்லாருக்கும் கை வரும். நேரில் வரைவதன் முழுப் பலனும் இதில்தான் இருக்கிறது. எண்கள் நிறைந்த அட்டவணைக்கு ஸ்லைடையே வைத்துக்கொள்ளுங்கள். எது முதலில், எது பிறகு, யார் பொறுப்பு, எங்கே முட்டுகிறது என்ற கேள்விகள் வந்தால் மார்க்கரைத் திறங்கள்.

கேள்வி: இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பித்தது? இதை ஒரு தொழிலாகச் செய்ய முடியுமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பேசும்போது வரைவது மனிதர்களுக்கு ஆதிப் பழக்கம். அதைக் கூட்டம் நடத்தும் முறையாக வளர்த்தது 1970-களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரம். அதன் முன்னோடிகளில் ஒருவர் டேவிட் சிபெட். சுவரில் நீளத் தாளை ஒட்டி, பேச்சு நடக்க நடக்க அதைப் படமாக்கினார்கள். 1977-ல் சிபெட் இதற்கென்றே ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். 2010-ல் வெளியான அவருடைய 'விஷுவல் மீட்டிங்ஸ்' இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதலில் எடுக்கும் புத்தகங்களில் ஒன்று.

தொழிலாகச் செய்யலாம். இதில் இரண்டு வகை வேலை உண்டு. ஒருவர் ஓரமாக நின்று பேச்சைக் கேட்டு வரைந்துகொண்டே போவார். கூட்டத்தில் குறுக்கிட மாட்டார். இன்னொருவர் வரைந்தபடியே கேள்வி கேட்டுக் கூட்டத்தை நடத்துவார். இரண்டுக்கும் முதல் தகுதி காது. அதற்குப் பிறகுதான் கை.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட் லேட்டானால் மீட்டிங். மீட்டிங் என்றால் சண்டை. டையிங்கைக் கட்டிங் திட்டும், கட்டிங்கை ஸ்டிச்சிங் திட்டும். படம் வரைந்தால் சண்டை நிற்குமா?
– ஏற்றுமதி நிறுவன உரிமையாளர், திருப்பூர்

சண்டை நிற்காது, இடம் மாறும். ஆளை நோக்கி நீண்ட விரல், பலகையில் இருக்கும் ஒரு கட்டத்தை நோக்கி நீளும். அதுவே பெரிய லாபம்.

அடுத்த கூட்டத்தில் யாரையும் உடனே பேச விடாதீர்கள். ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள், மூன்று நிமிடம். "ஆர்டர் வந்ததிலிருந்து கன்டெய்னர் கிளம்புகிறவரை என்ன நடக்கிறது, வரையுங்கள்" என்று சொல்லுங்கள். டாம் வூஜெக் என்பவர் உலகம் முழுக்க இதுபோல ஒரு பயிற்சி நடத்தியிருக்கிறார். 'ரொட்டியை டோஸ்ட் போடுவது எப்படி' என்று வரையச் சொல்வார். சிலர் டோஸ்டரோடு முடித்துக்கொள்வார்கள், சிலர் கோதுமையிலிருந்து தொடங்குவார்கள். உங்கள் அறையிலும் அதுதான் நடக்கும். மெர்ச்சண்டைசர் தாளில் பாதி இடம் பையருக்குப் போகும் மெயில்களுக்கே சரியாகிவிடும். கட்டிங் மாஸ்டர் தாளில் கதையே துணி வந்து இறங்கும்போதுதான் ஆரம்பிக்கும். இத்தனை நாளும் ஆளுக்கொரு கம்பெனியை மனதில் வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள் என்பது தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் தெரிந்துவிடும்.

பிறகு பலகைக்கு வாருங்கள். நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வரிசையாகக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே கொடுத்த நாள், கீழே ஆன நாள். அந்தந்தப் பிரிவுக்காரரே வந்து தன் கையால் எழுதட்டும். அடுத்து, போன வேலை திரும்பி வரும் இடங்களுக்கெல்லாம் சிவப்பில் ஒரு வளைந்த அம்பு. லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய துணி மாதிரி, பையருக்குப் போகிறது. ஷேடு சரியில்லை என்று திரும்பி வருகிறது. மறுபடி சாயம், மறுபடி கூரியர். போன ஆர்டரில் இது எத்தனை தடவை நடந்தது என்று கேட்டு அத்தனை அம்பும் போடுங்கள்.

இப்போது எல்லாரும் இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்க்கட்டும். எந்தக் கட்டத்துக்குக் கீழே எண் பெரிதாக இருக்கிறது, எங்கே சிவப்பு குவிந்திருக்கிறது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். "யார் காரணம்" என்று ஆரம்பித்த கூட்டம் "இந்த அம்பை எப்படிக் குறைக்கலாம்" என்ற கேள்விக்கு வந்து சேரும். சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கும் அத்தனை மூளைகளும் அந்தக் கேள்விக்குத்தான் தேவை.

கேள்வி: மீட்டிங்கில் நோட்டில் கிறுக்கினால் மேலதிகாரி முறைக்கிறாரே?
– காப்பீட்டு அலுவலர், மதுரை

அவரிடம் 2009-ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி ஆண்ட்ரேட் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். நாற்பது பேருக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைப் போட்டுக் காட்டினார். பாதிப் பேர் கேட்டபடியே தாளில் இருந்த வடிவங்களுக்கு நிழல் தீட்டினார்கள். பிறகு கேட்டபோது, தீட்டியவர்கள் 29 சதவீதம் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள். சும்மா கிறுக்குவதற்கே இவ்வளவு பலன். கேட்டதையே வரைந்தால் இன்னும் நல்லது. மேலதிகாரி முறைக்கும்போது நோட்டைத் திருப்பி, "நீங்க சொன்னது இதுதானே சார்?" என்று காட்டுங்கள்.

கேள்வி: படம் ஏமாற்றாதா?
– ஆடிட்டர், கோயம்புத்தூர்

ஏமாற்றும். ஆடிட்டர் கேட்க வேண்டிய கேள்விதான்.

1974-ல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் பொருளாதார அறிஞர் ஆர்தர் லாஃபர், பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான டிக் செனி உள்ளிட்டோருக்கு ஒரு நாப்கினில் வளைகோடு வரைந்து காட்டினார் என்பது பிரபலமான கதை. வரி விகிதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குமேல் வரி வருமானம் குறையும் என்பது அந்தக் கோட்டின் சேதி. அந்த உணவகத்தில் துணி நாப்கின்தான், நல்ல பொருளைப் பாழாக்கக் கூடாது என்று தன்னை வளர்த்தவர் அம்மா என்று லாஃபரே பின்னால் எழுதினார். நாப்கின் எப்படியோ, கோடு அமெரிக்க வரிக் கொள்கைவரை போய்ச் சேர்ந்தது. ஆனால் உச்சி எத்தனை சதவீதத்தில் இருக்கிறது என்று அந்தக் கோடு சொல்லாது. அதற்காகப் பொருளாதார அறிஞர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஆகவே விதி ஒன்று: படம் வடிவத்தைக் காட்டட்டும், முடிவை எண் பார்த்து எடுங்கள். விதி இரண்டு: மார்க்கர் ஒருவர் கையிலேயே இருக்கக் கூடாது. எது பெரிய கட்டம், எது சின்னக் கட்டம் என்று தீர்மானிப்பவர் கூட்டத்தையே தீர்மானிக்கிறார். பேசுகிறவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். "சரியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கோட்டுக்குப் போங்கள்.

கேள்வி: ஒயிட்போர்டில் தெரியாமல் பெர்மனன்ட் மார்க்கரால் எழுதிவிட்டார்கள். என்ன செய்ய?
– அலுவலக உதவியாளர், சேலம்

அதன் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் ஒரு பூச்சுப் பூசி, காய்வதற்குள் துடையுங்கள். பழைய மையும் சேர்ந்து வந்துவிடும்.

கேள்வி: ஆன்லைன் மீட்டிங்கில் எப்படி வரைவது?
– வீட்டிலிருந்து வேலை செய்பவர், நாகர்கோவில்

நாலு புத்தகத்தை அடுக்கி, செல்போனை அதன் விளிம்பில் கேமரா கீழே பார்க்க வையுங்கள். அடியில் வெள்ளைத் தாள், கையில் தடித்த ஸ்கெட்ச் பேனா. தாளில் கை நகர்வது திரையில் தெரிந்தாலே ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேள்வி: தமிழில் எழுதினால் பலகையில் இடம் பத்தவில்லை.
– சுயஉதவிக் குழு ஒருங்கிணைப்பாளர், தர்மபுரி

முழு வாக்கியம் எழுதாதீர்கள். 'கடன்', 'சந்தை', 'பால்' என்று ஒற்றைச் சொல், பக்கத்தில் ஒரு படம். வினைச்சொல்லின் வேலையை அம்பு பார்த்துக்கொள்ளும். எழுத்துப் படிக்கச் சிரமப்படும் அக்காவும் உங்கள் கூட்டத்தில் அப்போதுதான் பேசுவார். எழுதியது போதுமான பெரிசா என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: கூட்டம் முடிந்ததும் படத்தை என்ன செய்வது?
– திட்ட மேலாளர், ஓசூர்

டஸ்டர் எடுப்பதற்கு முன் செல்போனை எடுங்கள். படத்தோடு மூன்று வரி சேர்த்து எல்லாருக்கும் அனுப்புங்கள்: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதி.

கேள்வி: வரைந்தது பலித்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– பள்ளித் தலைமையாசிரியை, தஞ்சாவூர்

"அழகாக வரைகிறீர்கள் டீச்சர்" என்று பாராட்டினால் இன்னும் பலிக்கவில்லை. இதுவரை வாயே திறக்காத ஓர் ஆசிரியர் எழுந்து வந்து, உங்கள் கோட்டை அழித்துவிட்டு வேறு கோடு போட்டால் பலித்துவிட்டது.