மொய் ஊருக்கு, பந்தி நாலு பேருக்கு

2021 ஜூலை 20, மேற்கு டெக்சாஸில் வான் ஹார்ன் பக்கத்துப் பாலைவனம். தன் ராக்கெட்டில் விண்வெளிக்குப் போய்த் திரும்பிய அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ், தலையில் கவ்பாய் தொப்பியோடு பேச உட்கார்ந்தார். அமேசான் ஊழியர்கள் அத்தனை பேருக்கும், வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் நன்றி. இதற்கெல்லாம் பணம் கட்டியது நீங்கள்தான் என்றார். நம்மூரில் பரம ஏழை வீட்டுக் கல்யாணத்தில்கூட மொய் எழுதியவனைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். இங்கே மொய் வைத்தது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். பந்தியில் உட்கார்ந்தது நாலு பேர்.

நால்வரில் ஒருவன் 18 வயது டச்சுப் பிள்ளையாண்டான். 2.8 கோடி டாலருக்கு ஏலத்தில் சீட்டைப் பிடித்தவருக்கு அன்றைக்கு வேறு ஜோலி வந்துவிட்டதாம். (நமக்கும் நடப்பதுதானே, ஒரே முகூர்த்தத்தில் ரெண்டு கல்யாணம் வந்து தொலைக்கும்.) காலியான சீட்டு, காசுள்ள அப்பாவின் பிள்ளைக்குப் போனது. அந்தப் பையன் பெசோஸிடமே சொல்லியிருக்கிறான், நான் அமேசானில் எதையுமே வாங்கியதில்லை என்று. வாங்கியவனுக்கு நன்றி, வாங்காதவனுக்கு ஜன்னலோரம்.

மேலே போய் என்ன செய்தார்கள்? ஸ்கிட்டில்ஸ் மிட்டாயை மிதக்கவிட்டு வாயால் கவ்வினார்கள். பிங்பாங் பந்தைத் தட்டி விளையாடினார்கள். பாரசூட்டில் இறங்கியதும் ஷாம்பெய்ன் பீய்ச்சினார்கள். ஆக மொத்தம் பத்து நிமிடம், பத்து விநாடி. உயரம் சுமார் 107 கிலோமீட்டர். ராக்கெட்டுக்கு நியூ ஷெப்பர்ட் என்று பெயர். அசல் ஆலன் ஷெப்பர்ட் 1961 மே மாதமே 187 கிலோமீட்டர் போய் வந்துவிட்டார். தாத்தா ஏறிய பனைமரத்தில் பாதி ஏறிவிட்டு, மரத்தைக் கண்டுபிடித்ததே நான்தான் என்கிறான் பேரன்.

பத்து நிமிடப் பயணம், அதனால் கேப்ஸ்யூலில் கழிப்பறை தேவைப்படவில்லை. அமேசான் பார்சல் வேன் ஓட்டுகிறவனுக்கோ வேலை பத்து மணி நேரம். அவனுக்கும் கழிப்பறை கிடையாது, காலி பாட்டில்தான். பாட்டிலில் மூத்திரம் பெய்கிற கதையையெல்லாமா நம்புகிறீர்கள் என்று 2021 மார்ச்சில் அமேசான் ட்விட்டரில் நக்கலடித்தது. பத்து நாளில் மன்னிப்புக் கேட்டது. ஜூலையில் பெசோஸ் ராக்கெட் விட்டார். நன்றி சொல்லும்போது அந்த பாட்டிலையும் மேடையில் வைத்திருக்கலாம்.

ஒன்பது நாள் முந்திக்கொண்டு 86 கிலோமீட்டர் போய்வந்தவர் இன்னொரு கோடீஸ்வரர், ரிச்சர்ட் பிரான்சன். அவர் கிளம்பும் முன்பே பெசோஸ் தரப்பு குழாயடிச் சண்டையைத் தொடங்கிவிட்டது: அது விண்வெளியே இல்லை, நூறு கிலோமீட்டர் தாண்டினால்தான் கணக்கு, எங்கள் ஜன்னல் பெரிசு, உங்கள் ஜன்னல் விமான ஜன்னல் சைஸ். ஜன்னல் அளந்த இந்தப் பெருமக்கள் சாவை அளக்கவில்லை. பிரான்சனின் வண்டிக்கான எஞ்சின் சோதனையில் 2007இல் மொஹாவியில் மூன்று தொழிலாளிகள் வெடித்துச் செத்தார்கள். 2014இல் வண்டியே நடுவானில் உடைந்து துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி செத்தார்.

பாதுகாப்புக்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பயணிகளின் பாதுகாப்புக்கு இப்போதைக்கு விதி போடாதே என்று அமெரிக்காவில் 2004லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நீட்டி நீட்டி 2028 வரை கொண்டுவந்தாயிற்று. இந்த வாகனம் பத்திரமானது என்று அரசு சான்று தரவில்லை, தெரிந்தேதான் ஏறுகிறேன் என்று பயணி கையெழுத்துப் போட வேண்டும். ஷேர் ஆட்டோவுக்குக்கூட எஃப்.சி. கேட்கிற உலகம் இது.

செல்போன் மாதிரி இதுவும் மலிவாகும், நாளைக்கு நீங்களும் போகலாம் என்று ஆசை காட்டுகிறார்கள். பிரான்சன் கம்பெனி டிக்கெட் முதலில் 2 லட்சம் டாலர், பிறகு 2.5 லட்சம், 2021 ஆகஸ்டில் 4.5 லட்சம். மலிவாகிற லட்சணம் இது.

நியூ மெக்சிகோவில் ட்ரூத் ஆர் கான்சீக்வென்சஸ் என்று ஓர் ஊர் உண்டு. உண்மையைச் சொல், இல்லையேல் அனுபவி என்று அர்த்தம் வரும். ஒரு ரேடியோ நிகழ்ச்சி கேட்டதற்காக 1950இல் தன் பெயரையே மாற்றிக்கொண்ட வெள்ளந்தி ஊர். அதன் பக்கத்தில்தான் மக்கள் பணம் ஏறக்குறைய 22 கோடி டாலரைக் கொட்டி, பிரான்சன் வண்டி கிளம்ப ஸ்பேஸ்போர்ட் அமெரிக்காவைக் கட்டினார்கள். சுற்றுவட்டாரத்து ஏழைபாழைகள் ஓட்டுப்போட்டுத் தங்கள் தலையில் தாங்களே வரி ஏற்றிக்கொண்டார்கள், டாலருக்குக் கால் சென்ட். 2024 ஜூனில் பிரான்சன் கம்பெனி தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் புதிது கட்டப் போய்விட்டது. போன கோடீஸ்வரர்கள் எல்லோரும் பத்திரமாகக் கீழே வந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்துக் கடையில் செருப்பு வாங்கியவளின் கால் சென்ட் மட்டும் மேலே போனது போனதுதான்.