பை எங்கள் பொறுப்பு, படகு யார் பொறுப்பு?

பேரிடர் வந்தால் வீட்டில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்? கையேடு சொல்கிறது: நீர் புகாத பை. அதற்குள் மைகாட், பிறப்புப் பத்திரம், மருந்து, டார்ச் லைட், மூன்று நாளைக்குச் சாப்பாடு.

அதென்ன மூன்று நாள் கணக்கு? சிலாங்கூரில், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கேளுங்கள். 2021 டிசம்பர் 18ஆம் தேதி வெள்ளம் ஏறியது. மாடியிலும் கூரையிலும் இரண்டு மூன்று நாள் காத்திருந்தார்கள். பலருக்கு முதலில் வந்த படகு அரசாங்கப் படகு அல்ல. ஊர்க்காரர்கள் கொண்டுவந்த படகு. பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் வெள்ளத்தில் மாட்டியவர்களுக்குச் சாப்பாடு சமைத்தார்கள். பேரிடருக்கென்றே 2015இல் நட்மா என்ற அரசு நிறுவனத்தை உருவாக்கிய நாடு இது. ஆறு வருட ஒத்திகை!

தண்ணீர் வடிந்தது. கேமராக்கள் வந்தன. ஓர் அமைச்சர் ஈரத் தெருவுக்கே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். நாடே சிரித்தது. வெள்ளத்தில் செத்தவர்கள் ஐம்பதுக்கும் மேல். புள்ளிவிவரத் துறை போட்ட நஷ்டக் கணக்கு 610 கோடி ரிங்கிட். குடும்பத்துக்குக் கொடுத்த கருணைத் தொகை 1,000 ரிங்கிட். ஊறிப்போன மெத்தையை அள்ளிப்போட்ட லோரிக்கே பாதி போயிருக்கும்.

சிலாங்கூர் கதை நமக்கெதற்கு என்று மலாக்காவின் பெம்பான் ஊர் சொல்ல முடியாது. இரண்டே வாரத்தில் அந்த ஊர் இருக்கும் ஜாசின் வட்டாரத்திலும் வெள்ளம். நவம்பர் 20ஆம் தேதிதான் மலாக்கா சட்டமன்றத் தேர்தல் முடிந்திருந்தது. சாலையெல்லாம் கட்சிக் கொடி. கொடி கட்டக் கயிறு கிடைத்த வேகத்தில் சாக்கடை தோண்ட மண்வெட்டி கிடைப்பதில்லை.

வெள்ளம் இல்லையென்றால் வறட்சி. 1991இல் டுரியான் துங்கால் அணை வறண்டது. மலாக்கா வாளியோடு வரிசையில் நின்றது. அன்று தண்ணீரைச் சேமி என்றார்கள். இன்று தண்ணீரிடமிருந்து தப்பி ஓடு என்கிறார்கள். இரண்டுக்கும் பொறுப்பு நாம்தான்.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவனுக்குச் சிக்கனமும் புதிதல்ல, மூட்டை கட்டுவதும் புதிதல்ல. தோட்டம் கைமாறிய போதெல்லாம் கட்டியிருக்கிறான். ஆயுள் முழுக்கப் பால்மரம் சீவியும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு நிற்கும் தாத்தா, அந்தப் பைக்குள் எந்தக் குடியுரிமைப் பத்திரத்தை வைப்பார்? கையேட்டில் பதில் இல்லை.

சரி, நம்மால் ஆனதைச் செய்வோம். பத்திரங்களை பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். தண்ணீர் ஏறுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஐஸ் பெட்டியைக் கல்மேல் ஏற்றுங்கள். கைப்பேசிக்கு முழுசாகச் சார்ஜ் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியை யார் தூக்குவது என்று இன்றே பேசி வையுங்கள். அதைப் பேச வேண்டிய அதிகாரிகள் கூட்டத்தில் இருக்கிறார்கள். கூட்டம் முடிய நேரமாகும்.

மூன்று நாள் சாப்பாட்டை மட்டும் மூன்றே நாளில் தின்று தீர்த்துவிடாதீர்கள். நான்காம் நாள் அமைச்சர் வருவார். உபசரிக்க வேண்டாமா?