டிரைவ் பத்து மணி, லெவல் மூன்று மணி

என் பெடலின் டிரைவ் நொப்பைத் திருப்பியது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். கண்டியில் கல்யாண மண்டபங்களில் கிட்டார் வாசிக்கிற எங்கள் கூட்டம் ஒரு வேனில் அடங்கிவிடும். பெயரைச் சொன்னால் அடுத்த கல்யாணத்துக்கு நான் ஆம்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் போகவேண்டும். போன சனிக்கிழமை கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு வரவேற்பு. சாப்பிட்டுவிட்டு மேடைக்கு வந்து பார்த்தால் நொப் இடம் மாறிக் கிடக்கிறது. "கொஞ்சந்தாண்ணே திருப்புனேன். பத்து மணிக்கு வச்சிருக்கேன். டிரைவுக்கு அதுதாண்ணே இடம்."

பத்து மணி! எந்த ஊர்ப் பத்து மணி?

நம் ஆட்களுக்கு இந்த மணிக்கணக்கு எப்போது தொற்றியதோ தெரியாது. எவனைக் கேட்டாலும் டிரைவ் ஒன்பது, டோன் பதினொன்று, லெவல் மூன்று என்று ரயில்வே நேரசூசி ஒப்பிக்கிறான். கடிகார முள்ளைப்போல நொப் ஏழு மணியில் தொடங்கி ஐந்து மணியில் முட்டி நிற்கும். நடுவில் கிடப்பது ஒரு முழு அரசாங்க அலுவலக நாள். ஒன்பது மணிக்கு வைத்தால் கவுண்டருக்கு ஆள் வந்துவிட்டார், ஆனால் ஃபைல் திறக்கவில்லை: சத்தம் வரும், கரகரப்பு வராது. பத்து மணி தேநீர் நேரம். பதினொன்றரைக்கு அசல் வேலை சூடு பிடிக்கும், ஸ்ட்ரிங்கை அழுத்தி அடித்தால் உறுமும், மெல்லத் தொட்டால் அடங்கும். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்கள். இரண்டு மணிக்குமேல் எல்லாருமாகக் கதைக்கத் தொடங்குவார்கள். ஐந்து மணிக்கு யார் என்ன சொல்கிறார்கள் என்றே விளங்காது, ஆனால் அத்தனை பேரும் மும்முரமாக இருப்பதுபோல் கேட்கும்.

இதில் ராகு காலத்தை யாராவது யோசித்தார்களா? திங்கள் ஏழரை முதல் ஒன்பது: அன்றைக்கு அடக்கமாக வாசிக்கிற நல்ல பிள்ளைதான் மாட்டுவான். புதன் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. மூன்று நொப்பையும் நட்ட நடுவில் நிறுத்திவிட்டுத் தத்துவம் பேசுகிறவர்கள் அன்று வீட்டில் இருப்பது நல்லது. லெவல் மூன்று மணிக் கட்சிக்குச் செவ்வாய் ஆகாது, மூன்றிலிருந்து நாலரை. ஞாயிறு நாலரைக்குமேல், அதாவது டிரைவை முழுசாகத் திருகினால் போய் நிற்கும் இடம். ராகு அன்றைக்கு ஆம்பிலேயே குடியிருக்கிறார். சனி ஒன்பதிலிருந்து பத்தரை. போன கிழமை வரவேற்பு சனிக்கிழமை. பத்து மணி டிரைவ் அப்பட்டமான ராகு காலம். இதை அங்கேயே எடுத்துச் சொன்னேன். அந்தத் தம்பி சிரிக்கவில்லை. எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

எரிச்சல் என்னவென்றால், ஒரு பெடலின் பத்து மணி இன்னொன்றின் பத்து மணி இல்லை. பச்சைப் பெட்டி, ஐபனேஸின் டியூப் ஸ்க்ரீமர், 1979-இல் வந்தது. உள்ளே இரண்டு டயோடுகள் அலையின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் ஒரே அளவில் நறுக்கும். 1981-இன் மஞ்சள் பெட்டி, பாஸ் எஸ்டி-1, ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று மூன்று டயோடு வைத்து ஏறுமாறாக நறுக்கும். பச்சைப் பெட்டி அடித்தொனியைக் குறைத்து நடுத்தொனியைத் தள்ளிக்கொடுக்கும். வீட்டு அறையில் தனியாக வாசிக்கிறவன் 'பேஸ் போயிட்டு' என்று அழுவான். மண்டபத்திலோ பேஸ் கிட்டாரும் கீபோர்டுக்காரரின் இடக்கையும் அடித்தளத்தை ஏற்கெனவே குத்தகைக்கு எடுத்துவிட்டதால் கிட்டாருக்கு அந்த நடுத்தொனிதான் பிழைப்பு. அதே பச்சைப் பெட்டியில் பழைய 808-க்கும் பிறகு வந்த டிஎஸ்9-க்கும் முக்கிய வித்தியாசம் வெளியே போகும் இடத்தில் இரண்டு ரெசிஸ்டர்கள். அந்த இரண்டு ரெசிஸ்டர்களுக்காகக் கார் விற்கத் தயாராயிருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். நான் மோட்டார் சைக்கிள் வரைக்கும் யோசித்தேன்.

இத்தனைக்கும் இந்த டிரைவ் கரகரப்பு பழுதான சாமானின் சத்தம். 1951-இல் மெம்பிஸில் 'ராக்கெட் 88' பாட்டு பதிவானபோது வழியில் அடிபட்ட ஆம்ப்தான் கரகரத்தது. கிட்டார்காரர் லிங்க் ரே தன் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை குத்தினார். 1961-இல் மார்ட்டி ராபின்ஸின் ஒரு பாட்டில் ஒலிப்பதிவுப் பலகையே கெட்டுப்போய் நடுவில் உறுமியது. அடுத்த வருடமே அந்த உறுமலைப் பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். தோட்டத்துக் கோயிலில் மார்கழி விடிகாலைக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் இதைவிடக் கனமான டிரைவ் நமக்கு இலவசமாகக் கிடைத்தது. அதற்கு மணி பார்த்து நொப் திருப்பிய ஒரு ஐயரை நான் கண்டதில்லை.

எப்படி செட் பண்ணுவது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். முதலில் கரண்ட். ஒன்பது வோல்ட், நடு ஊசி நெகட்டிவ். டவுனில் விற்கிற பல தலை அடாப்டரில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றுகிற சின்ன ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அதைப் பார்க்காமல் சொருகாதீர்கள். பேட்டரி போடுகிறவர்கள் வாசித்து முடிந்ததும் உள்ளே வருகிற வயரைப் பிடுங்கவேண்டும், அது சொருகிக் கிடக்கும் வரைக்கும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். ஆனாலும் பேட்டரிக்கு ஒரு மரியாதை உண்டு. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து நாடு முழுக்க இருட்டானதே, அன்று எங்கள் வீட்டில் எரிந்த ஒரே விளக்கு என் பெடலின் சிவப்பு லைட்தான். ஆம்ப் செத்துக் கிடந்தது. உடவத்தகலைக் காட்டுக் குரங்குகளைத் தினமும் கூரைமேல் பார்க்கிற எங்களுக்கு அமைச்சர் சொன்ன காரணத்தில் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பிறகு லெவல். பெடலை அணைத்தும் போட்டும் பார்த்து, இரண்டுக்கும் சத்தம் சமமாக வரும் இடத்தைக் காதால் பிடிக்கவேண்டும். சோலோ வாசிக்கிறவர் அதற்குமேல் ஒரு சொட்டு. டிரைவ், உங்களுக்குப் போதும் என்று படுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே. டோன் கடைசி, அதுவும் மண்டபம் நிறைந்த பிறகு. காலி மண்டபத்தில் காதைக் கீறுகிற கூர்மையைப் பட்டுச் சேலைகள் குடித்துவிடும். ஆனால் மண்டபம் நிறைந்த பிறகு யார் நம்மை டோன் பார்க்க விடுகிறார்கள்? பைலா கேட்பார்கள். பைலாவுக்குப் பெடல் எதற்கு? ஒன்பது பைலா முடிந்து, கேக் வெட்டி, மணப்பெண் மாற்றுச் சேலை உடுத்தி வந்தபிறகு ஒரே ஒரு பாட்டு நமக்கென்று வரும். போன சனிக்கிழமையும் அது வந்தபோது காலால் மிதித்தேன். சிவப்பு லைட் எரிந்தது. நாலு வருடமாகத் தேடிய அந்த உறுமல் அப்படியே வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"தம்பி, வயர் எங்கயோ லூஸ் போல. கரகரங்குது, பாருங்க."